செல்லுக்குச் சாரம் கட்டுவது எப்படி? பாம்பன், மண்டபம் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோயாலோ விபத்தாலோ இழந்த தோலையும் எலும்பையும் குருத்தெலும்பையும் உடலே மீண்டும் வளர்த்துக்கொள்ளும்படி செய்ய முயலும் துறைக்கு மீளுருவாக்க மருத்துவம் என்று பெயர். அந்தத் துறையில், செல்கள் பற்றிக்கொண்டு வளர்வதற்கான பொருள்களை உருவாக்கும் பகுதியில் நான் வேலை செய்கிறேன். பாம்பனுக்கு வரும்போதெல்லாம் பாசி எடுக்கும் பெண்கள், கல்லூரி மாணவர்கள், சர்க்கரை நோயால் காலில் புண் வந்தவர்களின் பிள்ளைகள் என்று பலரும் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். ஒரே கேள்வி பல வாயிலிருந்து வருவதால், திண்ணையில் சொன்ன பதில்களைச் சற்று விரித்து இங்கே எழுதி வைக்கிறேன்.

சாரம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

வீடு கட்டும்போது சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் பிணைத்துச் சாரம் கட்டுகிறோமே, அந்தச் சாரம்தான். பழத்தின் சாரம், நூலின் சாரம் என்கிற சாரம் அல்ல. கையில் கத்தி கீறிய காயத்தை உடல் தானாகவே மூடிக்கொள்ளும். ஆனால் மார்பு முழுவதும் தீயில் வெந்துபோனாலோ, எலும்பில் இரண்டு விரல் அகலத்துக்குத் துண்டு விழுந்துபோனாலோ, உடல் அந்த இடத்தை அவசரமாக வடுத்திசுவால் அடைத்துவிடுகிறது. வடு இடத்தை மூடும், அவ்வளவுதான். அது தோலைப் போல மடங்காது, எலும்பைப் போலப் பாரம் தாங்காது. அந்த வெற்றிடத்தில் வடு புகுவதற்கு முன்பே நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளை வைத்து, பக்கத்துத் திசுவிலிருந்து நல்ல செல்கள் ஏறி வந்து தங்கிப் பெருகுவதற்கு இடம் பிடித்துக் கொடுப்பதே சாரத்தின் வேலை.

இந்த உவமை ஓர் இடத்தில் முறிந்துவிடும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கொத்தனார் என்ன கட்ட வேண்டும் என்று சவுக்குக் கம்பிடம் கேட்பதில்லை. செல்லோ, தான் நிற்கும் பொருளைத் தொட்டுப் பார்த்தே தான் என்னவாக வேண்டும் என்று முடிவு செய்கிறது.

தொட்டுப் பார்க்கிறதா? செல்லுக்கு அது எப்படித் தெரியும்?

உடலுக்குள் செல்கள் வெறும் நீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை. கொலாஜன் முதலிய புரத இழைகளும் சர்க்கரைச் சங்கிலிகளும் பின்னிய ஒரு வலைக்குள் அவை தங்கியிருக்கின்றன. அந்த வலையைச் செல்களேதான் சுரந்து கட்டுகின்றன. செல்லின் மேலுறையிலிருந்து வெளியே நீண்டிருக்கும் இன்டெக்ரின் என்னும் புரதங்கள் அந்த இழைகளைப் பற்றி இழுத்துப் பார்க்கின்றன. இழை எவ்வளவு நெகிழ்கிறது, எந்தப் பக்கமாக ஓடுகிறது என்ற செய்தி அந்த இழுவை வழியாகவே செல்லின் உட்கருவரை போய்ச் சேருகிறது.

இது புதிதாகத் தெரிந்த விஷயம் அல்ல. அமெரிக்க உயிரியலாளர் ராஸ் ஹாரிசன் 1914-ஆம் ஆண்டிலேயே சிலந்தி நூல்களை விரித்து அவற்றின் மேல் கருவின் செல்களை விட்டுப் பார்த்தார். செல்கள் நூலைப் பிடித்துக்கொண்டு அதன் நீளவாக்கிலேயே நகர்ந்தன. நரம்பையோ தசைநாரையோ மீட்க முயல்பவர்கள் இன்றும் இழைகளை ஒரே திசையில் அடுக்குவதற்குக் காரணம் இதுதான். பிறகு 1984-இல் எர்க்கி ருவோஸ்லாட்டியும் மைக்கேல் பியர்ஷ்பாகரும் செல் பற்றிக்கொள்ளும் பிடியை மூன்றே அமினோ அமிலங்கள் வரை சுருக்கிக் காட்டினார்கள்: ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம், இதே வரிசையில். செல் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு பொருளின் மேல் இந்தச் சிறு துண்டை வேதிமுறையில் ஒட்டிவிட்டால் செல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

2006-இல் ஆடம் எங்லரும் டென்னிஸ் டிஷரும் வெளியிட்ட ஆய்வு இன்னொரு கதவைத் திறந்தது. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஒரே வகைத் தண்டுச் செல்களை, அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம்செல்களை, மூன்று வகைக் கெட்டித்தன்மை கொண்ட கூழ்மங்களின் (ஜெல்) மேல் வளர்த்தார்கள். மூளைத் திசுவைப் போல 0.1 முதல் 1 கிலோபாஸ்கல் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரை மென்மையான தளத்தில் அவை நரம்புச் செல்லின் சாயலையும், 8 முதல் 17 வரையுள்ள தளத்தில் தசையின் சாயலையும், 25 முதல் 40 வரையுள்ள கெட்டியான தளத்தில் எலும்பின் சாயலையும் காட்டின. மேடையில் பேசுபவர்கள் இந்த முடிவை எடுத்துச் சொல்லி, "கெட்டித்தன்மையைச் சரியாக வைத்தால் வேண்டிய உறுப்பு கிடைக்கும்" என்று முடித்துவிடுவதைப் பல முறை கேட்டிருக்கிறேன். அந்தக் கூழ்மங்கள் தட்டையானவை, கண்ணாடித் தட்டில் இருந்தவை, மேலே கொலாஜன் பூசப்பட்டவை. முப்பரிமாணத்தில், இரத்தமும் அழற்சியும் உள்ள உடலுக்குள், கெட்டித்தன்மை என்பது பல குரல்களில் ஒரு குரல் மட்டுமே.

துளைகள் ஏன் வேண்டும்? கெட்டியாகவே செய்தால் பலமாக இருக்குமே?

பலமாகத்தான் இருக்கும், உள்ளே ஒரு செல்லும் உயிரோடு இராது. இரத்த நுண்குழாயிலிருந்து ஆக்சிஜன் திசுவுக்குள் ஊறிச் செல்லும் தூரம் ஏறத்தாழ 100 முதல் 200 மைக்ரோமீட்டர்தான், அதாவது இரண்டு மூன்று தலைமுடிகளை அருகருகே வைத்த அகலம். அதற்கு அப்பால் உள்ள செல் பட்டினியில் மடியும். ஆகவே துளைகள் செல் நுழைவதற்கு மட்டும் அல்ல, பின்னாலேயே இரத்தக் குழாய் வளர்ந்து வருவதற்கும் வழியாக இருக்க வேண்டும்.

மூங்கில் தெப்பத்தில் பாசி வளர்ப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இருப்பதில்லை. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடித் தெப்பத்தில் கயிறுகளை நெருக்கிக் கட்டினால் விதைப்பாசி அதிகம் ஏறும், ஆனால் நீரோட்டமும் வெயிலும் உள்ளே போகாமல் நடுவில் உள்ளது அழுகிவிடும். அகலக் கட்டினால் இடம் வீணாகும். நாற்பத்தைந்து நாளில் அறுவடைக்கு வரும் பாசிக்கே இடைவெளி இவ்வளவு முக்கியம் என்றால், மாதக்கணக்கில் வளர வேண்டிய எலும்புக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எலும்புக்குக் குறைந்தது 100 மைக்ரோமீட்டர் துளை வேண்டும், 300-க்கு மேல் இருந்தால் இரத்தக் குழாய்கள் நன்றாக வருகின்றன என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. தோலுக்கான சாரத்தில் 20 முதல் 125 மைக்ரோமீட்டர் வரையுள்ள துளைகளே வடுச் சுருக்கத்தைத் தடுத்தன. பெரிய துளை எப்போதும் நல்லது என்று நினைக்கக் கூடாது. துளை பெருக்கப் பெருக்கச் செல் பற்றிக்கொள்ளும் பரப்பும் சாரத்தின் பலமும் குறைந்துகொண்டே போகும்.

அவ்வளவு சிறிய துளைகளை எப்படிப் போடுவீர்கள்?

வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர் இதைக் கேட்டார். அவருக்குப் பதில் சொல்வதுதான் எனக்கு மிக எளிதாக இருந்தது. மிகப் பழக்கமான முறைகளில் ஒன்றுக்கு உப்புதான் கருவி. சமையல் உப்பைச் சல்லடையில் சலித்து வேண்டிய அளவுள்ள பரல்களை மட்டும் எடுத்து, கரைப்பானில் கரைத்த பாலிமரோடு (பிளாஸ்டிக் போன்ற நீள்சங்கிலிப் பொருள்) கலந்து அச்சில் வார்க்கிறோம். கரைப்பான் ஆவியாகிப் போனதும் கட்டியைத் தண்ணீரில் ஊற வைத்தால் உப்பு கரைந்து வெளியேறிவிடும். உப்புப் பரல் இருந்த இடமெல்லாம் துளையாக நிற்கும். பரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் துளைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும் என்பதால், கலவையின் எடையில் 90 விழுக்காடு வரைகூட உப்பாகவே போடுவதுண்டு.

கொலாஜன் போன்ற பொருள்களுக்கு உறைய வைத்து உலர்த்தும் முறை பொருந்தும். கரைசலை உறைய வைக்கும்போது தோன்றும் பனிப் படிகங்கள்தான் அங்கே உப்பின் இடத்தைப் பிடிக்கின்றன. வெற்றிடத்தில் பனி நேராக ஆவியாகிப் போகும்போது பஞ்சு போன்ற சாரம் மிஞ்சுகிறது. மெதுவாக உறைந்தால் பெரிய துளை, வேகமாக உறைந்தால் சிறிய துளை. மின்னழுத்தத்தால் நூல் நூற்பது, முப்பரிமாண அச்சு ஆகியவையும் உண்டு. அச்சு இயந்திரம் பார்ப்பதற்கு வியப்பாக இருக்கும், அதனால் செய்திகளில் அதற்கே இடம் கிடைக்கிறது. உப்பும் பனியும் செய்த வேலை அதைவிடக் குறைந்ததல்ல.

வைத்த சாரம் உடலுக்குள்ளேயே இருந்துவிடுமா?

இருக்கக் கூடாது. என் பார்வையில் இந்தத் துறையின் மிகக் கடினமான பகுதியே இதுதான்; எந்தப் பொருளால் செய்வது என்பதைவிட, அது எந்த வேகத்தில் விலகுவது என்பதில்தான் பெரும்பாலான வடிவமைப்புகள் தோற்கின்றன. சுவர் காய்வதற்கு முன் சாரத்தைப் பிரித்தால் சுவர் விழும். சுவர் எழுந்த பிறகும் பிரிக்காவிட்டால் பூச முடியாது. உடலில் இந்தக் கணக்கை வெளியே நின்று திருத்த வழியில்லை, முன்கூட்டியே பொருளுக்குள் எழுதி வைத்துவிட வேண்டும்.

அறுவைச் சிகிச்சையில் போடும் கரையும் தையல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாலிகிளைகோலிக் அமிலத்தால் ஆன அத்தகைய தையல் 1970-இலேயே விற்பனைக்கு வந்தது. அதே குடும்பப் பொருள்களைத்தான் சாரத்துக்கும் பயன்படுத்துகிறோம். கிளைகோலிக் அமிலத்தையும் லாக்டிக் அமிலத்தையும் பாதிக்குப் பாதி சேர்த்தால் ஓரிரு மாதங்களில் சிதையும்; லாக்டிக் அமிலத்தின் பங்கைக் கூட்டினால் நாள் நீளும்; பாலிகாப்ரோலாக்டோன் இரண்டு ஆண்டுக்கு மேலும் நிற்கும். இவை தண்ணீரால் உடைபவை. உடைந்து வருவது அமிலம். மெல்லிய தையல் நூலில் வரும் அமிலத்தை இரத்தம் கழுவிவிடும். கட்டியான சாரத்தின் நடுவில் அது தேங்கி, சிதைவை மேலும் விரைவுபடுத்தி, சுற்றியுள்ள செல்களையும் எரிச்சலூட்டும்.

கொலாஜன் சிதையும் விதம் வேறு. அதைச் செல்களே நொதிகளைச் சுரந்து வெட்டிக்கொண்டு முன்னேறுகின்றன. வேலை நடக்கும் இடத்தில் மட்டும் சாரம் கரைகிறது. இந்த ஒழுங்கைச் செயற்கைப் பொருளிலும் கொண்டுவருவதற்காக, செல்லின் நொதிக்கு மட்டும் அறுபடும் புரதத் துண்டுகளை இணைப்புகளாக வைத்துக் கூழ்மம் செய்கிறார்கள். கரையும் நேரத்தை நாள்காட்டியிடம் விடாமல் செல்லிடமே ஒப்படைக்கும் இந்த வழிதான் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது.

நாங்கள் எடுக்கும் பாசியிலிருந்து இதைச் செய்ய முடியுமா?

முடியும், செய்தும் வருகிறார்கள். ஆனால் எல்லாப் பாசியிலும் ஒரே சரக்கு இல்லை. கட்டக்கோரை, பக்கோடாப் பாசி ஆகிய பழுப்புப் பாசிகளிலிருந்து ஆல்ஜினேட் கிடைக்கிறது. மரிக்கொழுந்து, கஞ்சிப் பாசி ஆகிய சிவப்புப் பாசிகளிலிருந்து அகார் கிடைக்கிறது. தெப்பத்தில் வளர்க்கும், ஊர் வழக்கில் "பெப்சிப் பாசி" என்று பெயர் பெற்றுவிட்ட காப்பாபைகஸ், காரஜீனன் என்ற கூழ்மப் பொருளைத் தருகிறது.

ஆல்ஜினேட் என்பது மானுரோனிக் அமிலம், குலுரோனிக் அமிலம் என்ற இரண்டு சர்க்கரை அமிலங்கள் பகுதி பகுதியாகக் கோத்த சங்கிலி. அதன் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கால்சியம் கரைசலில் விட்டால் ஒவ்வொரு சொட்டும் உடனே கூழ்ம முத்தாகிவிடும். குலுரோனிக் பகுதிகளின் குழிவுகளில் கால்சியம் அயனிகள், அட்டையில் முட்டை உட்காருவது போல உட்கார்ந்து, இரண்டு சங்கிலிகளைப் பிணைத்துவிடுகின்றன. சூடும் வேண்டாம், கடுமையான வேதிப்பொருளும் வேண்டாம் என்பதால் உயிருள்ள செல்லை உள்ளே வைத்தே முத்தாக்கலாம். 1980-இல் லிம், சன் என்ற இருவர் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்திரள்களை இப்படி ஆல்ஜினேட் உறையில் பொதிந்து, சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு வைத்தபோது, சில வாரங்கள்வரை அவற்றின் இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. உறையின் நுண்துளை வழியாக இன்சுலின் வெளியே வரும். தாக்க வரும் நோயெதிர்ப்புச் செல் உள்ளே போக முடியாது.

குறை என்னவென்றால் நம் செல்களுக்கு ஆல்ஜினேட்டில் பிடிப்பே கிடையாது. 1999-இல் டேவிட் மூனியின் குழுவினர் முன்பு சொன்ன மூன்று அமினோ அமிலப் பிடியை ஆல்ஜினேட் சங்கிலியில் ஒட்டி இதைச் சரிசெய்தார்கள். இன்னொரு குறை, அதை அறுக்கும் நொதி பாலூட்டிகளின் உடலில் இல்லை. கால்சியம் மெல்ல வெளியேறக் கூழ்மம் நெகிழும், ஆனால் நீண்ட சங்கிலிகளைச் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடிவதில்லை. அதனால் சங்கிலியை முன்பே சற்று ஆக்சிஜனேற்றம் செய்தோ கதிர்வீச்சால் நறுக்கியோ பயன்படுத்துகிறார்கள்.

அகாரைப் பற்றிக் கீழக்கரையில் நோன்பு திறக்கும் வேளைக்குக் கடல்பாசி காய்ச்சுபவர்களுக்குத் தெரிந்ததுதான் ஆய்வகத்திலும் பயன்படுகிறது. காய்ச்சிய அகார் 40 டிகிரிக்குக் கீழே வந்தால் உறைந்துவிடும், ஒரு முறை உறைந்தால் 85 டிகிரி அளவுக்குச் சூடாக்காமல் இளகாது. அதிலிருந்து பிரித்தெடுக்கும் அகாரோஸில், உடல் வெப்பத்துக்கு அருகிலேயே செல்லைக் கலந்து உறைய வைக்கலாம். தட்டையான தட்டில் வளர்த்ததால் தன் இயல்பை இழந்த குருத்தெலும்புச் செல்கள், அகாரோஸுக்குள் வைத்தவுடன் மீண்டும் உருண்டு குருத்தெலும்புச் செல்களாகவே நடந்துகொண்டன என்று 1982-இல் பென்யாவும் ஷாஃபரும் காட்டினார்கள். அகாரோஸும் உடலில் சிதையாது என்பதால் சிகிச்சையைவிட ஆய்வுக்கே அது அதிகம் உதவுகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இவையெல்லாம் பலமுறை சுத்திகரித்த பொருள்கள். பாசியோடு வரும் புரதமும் கிருமி நச்சும் கன உலோகமும் நீக்கப்படாவிட்டால் உடல் சாரத்தைச் சுற்றி நார்ச்சுவர் எழுப்பிவிடும். கரையில் காயும் பாசியை அரைத்துப் புண்ணில் வைப்பது இதோடு எந்தத் தொடர்பும் இல்லாத செயல், ஆபத்தானதும்கூட.

மீன் தோலைத் தீப்புண்ணில் ஒட்டுகிறார்களாமே?

இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. பிரேசிலின் ஃபோர்டலேசா நகரத்தில் மருத்துவர்கள் கிருமி நீக்கிய திலேப்பியா மீன் தோலைத் தீப்புண்ணுக்குக் கட்டாகப் பயன்படுத்தினார்கள். அது புண்ணை மூடி ஈரம் காத்து, அடிக்கடி கட்டு மாற்றும் வேதனையைக் குறைக்கிறது, பிறகு எடுத்துவிடுகிறார்கள். ஐஸ்லாந்தில் காட் மீன் தோலிலிருந்து செல்களை நீக்கி உலர்த்திச் செய்யும் பொருள் வேறு. அது உண்மையிலேயே சாரம், புண்ணுக்குள் வைத்தால் நம் செல்கள் அதனுள் ஏறி வளர்கின்றன. அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 2013-இல் அதற்கு அனுமதி தந்தது.

மீனிலிருந்து கொலாஜனைக் கரைத்துப் பிரித்தெடுப்பதில் வெப்பம் பற்றிய ஒரு சிக்கல் உண்டு. மீனின் கொலாஜன் அது வாழும் நீரின் வெப்பத்துக்கு ஏற்றது. குளிர்கடல் காட் மீனின் கொலாஜன் கரைசலில் சுமார் 15 டிகிரியிலேயே முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகிவிடும். வெப்பக் கடல் மீனின் கொலாஜன் 30 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். அந்த வகையில் நம் கடல் மீன்களுக்கு இயற்கையிலேயே ஒரு சாதகம் இருக்கிறது, ஆனாலும் 37 டிகிரி உடலுக்குள் வைக்க, இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் குறுக்கிணைப்பு தேவைப்படும்.

நண்டு, இறால் ஓடு பற்றியும் கேட்கிறார்கள். ஓட்டிலுள்ள சுண்ணாம்பை அமிலத்தாலும் புரதத்தைக் காரத்தாலும் நீக்கினால் கைட்டின் மிஞ்சும். அதை மேலும் கடுங்காரத்தில் காய்ச்சினால் கைட்டோசான். அது நேர்மின்னேற்றம் கொண்டது என்பதால் எதிர்மின்னேற்றமுள்ள இரத்தச் செல்களைத் திரட்டிக் குருதிப்போக்கை நிறுத்துகிறது. போர்க்களக் கட்டுகளில் 2000-களின் தொடக்கத்திலிருந்து பயன்படுகிறது.

பவளப்பாறையில் எலும்பு செய்யலாம் என்று படித்தேன். நம் தீவுகளில் நிறைய இருக்கிறதே?

படித்தது உண்மை, நினைத்தது கூடாது. போரைட்டஸ் போன்ற பவளங்களின் துளையமைப்பு மனித எலும்பின் பஞ்சுப் பகுதியைப் பெரிதும் ஒத்திருக்கிறது. 1974-இல் ராய், லினஹான் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பவளத்தின் கால்சியம் கார்பனேட்டை வெந்நீர் அழுத்தத்தில் பாஸ்பேட்டோடு வினைப்படுத்தி, துளை கலையாமலே எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டாக மாற்றினார்கள். அவ்வகை எலும்பு நிரப்பிகள் பின்னர் மருத்துவச் சந்தைக்கும் வந்தன.

ஆனால் இங்கே கடின பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. ஒரு துண்டு பவளம் எடுத்தாலும் குற்றம். எடுக்க வேண்டிய அவசியமும் இன்று இல்லை, அந்தத் துளையமைப்பை அச்சு இயந்திரமே செய்துவிடும். சுண்ணாம்புக்காக இந்தக் கரையில் எவ்வளவு பவளம் வெட்டப்பட்டது என்பதை அறிந்தவன் என்பதால் இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன்.

முத்துச்சிப்பியின் உட்புறப் பளபளப்புப் படலத்தின் கதை இன்னும் சுவையானது. 1931-இல் ஹோண்டுராஸில் கிடைத்த, கி.பி. 600 அளவிலான மாயன் தாடை எலும்பு ஒன்றில், விழுந்த மூன்று பற்களுக்குப் பதிலாகப் பல் வடிவில் செதுக்கிய சிப்பித் துண்டுகள் பதிக்கப்பட்டிருந்தன. பிற்காலத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது அவற்றைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது தெரிந்தது. 1992-இல் பிரான்சில் எவ்லின் லோபஸின் குழு, சிப்பிப் படலம் மனித எலும்புச் செல்களைத் தூண்டுகிறது என்று ஆய்வகத்தில் காட்டியது.

சாரத்தை மட்டும் வைத்தால் போதுமா, செல்லையும் சேர்த்து வைக்க வேண்டுமா?

இடத்தைப் பொறுத்தது. சுற்றிலும் நல்ல திசு இருந்தால் வெறும் சாரமே போதும். யானஸ், பர்க் ஆகியோர் 1981-இல் தீப்புண் நோயாளிகளுக்குப் பயன்படுத்திய செயற்கைத் தோலில் செல் எதுவும் இல்லை. மாட்டிலிருந்து எடுத்த கொலாஜனும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த காண்ட்ராய்ட்டின் சல்பேட்டும் கலந்த பஞ்சு, அதன் மேல் ஒரு சிலிக்கோன் படலம். பஞ்சுக்குள் புதிய அடித்தோல் வளர்ந்ததும் படலத்தை உரித்துவிட்டு மெல்லிய மேல்தோலை ஒட்டினார்கள். 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. சுறா என்றவுடன் எங்கள் பக்கத்து ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

செல்லோடு வைத்ததற்கு எடுத்துக்காட்டு சிறுநீர்ப்பை. 2006-இல் ஆந்தணி அட்டாலாவின் குழு, நோயாளிகளின் சொந்தச் செல்களை மக்கும் சாரத்தில் வளர்த்து ஏழு பேருக்குப் பொருத்தியதாக வெளியிட்டது. அதே அணுகுமுறையைத் தொடர்ந்து சோதித்த பிந்தைய ஆய்வில் பலன் எதிர்பார்த்தபடி வரவில்லை. முதல் செய்தி அடைந்த புகழை இரண்டாவது செய்தி அடையவில்லை.

முழுச் சிறுநீரகம், இதயம் எப்போது வரும்?

தேதி சொல்பவர்களை நம்ப வேண்டாம். தோல், குருத்தெலும்பு போன்ற மெல்லிய திசுக்களில் கிடைத்த வெற்றி தடித்த உறுப்புகளுக்குப் போகாததற்குக் காரணம் இரத்தக் குழாய்தான்.

இதில் மோசடி நடந்ததா?

நடந்தது, அதை மறைக்கக் கூடாது. பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர் 2011-இல் சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில், நோயாளியின் தண்டுச் செல்களைப் பூசிய பிளாஸ்டிக் மூச்சுக்குழாயைப் பொருத்தினார், உலகமே கொண்டாடியது. அந்தக் குழாய்க்கு இரத்த ஓட்டம் எங்கிருந்து வரும் என்ற எளிய கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை, போதிய விலங்குச் சோதனையும் இல்லை. செல்கள் ஒட்டவில்லை, குழாய் திசுவோடு இணையவில்லை. சுவீடனில் அவர் பொருத்திய மூவரும் இறந்தார்கள். 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறை விதித்தது.

நம் நாட்டில் இப்படிப்பட்ட பொருள் ஏதாவது கிடைக்கிறதா? அப்பாவுக்குச் சர்க்கரைப் புண் ஆறவில்லை. ஸ்டெம்செல் ஊசி போடச் சொல்கிறார்கள்.

திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கிச் செய்த, புண்களுக்கான சாரம் 2023-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதலைப் பெற்றது. மருத்துவக் கருவிகளுக்கான 2017 விதிகளின்படி இது மிக உயர்ந்த ஆபத்துப் பிரிவான டி பிரிவில் அடங்கும்.

ஸ்டெம்செல் ஊசியைப் பொறுத்தவரை, இரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று நிலைபெற்ற சிகிச்சை. அதற்கு வெளியே, ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புதல் கொடுத்த சில தயாரிப்புகளைத் தவிர, மற்றவை பதிவு செய்யப்பட்ட மருத்துவ ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல் சொல்கிறது. ஆகவே பணம் கேட்பவரிடம் ஒப்புதல் எண்ணையும், ஆய்வு என்பவரிடம் பதிவு எண்ணையும் கேளுங்கள்.

அப்பாவின் காலுக்கு வருவோம். இரத்த ஓட்டம் குறைந்த காலில், தொற்று நீங்காத புண்ணில், எந்தச் சாரத்தை வைத்தாலும் நிற்காது. முதலில் இரத்த ஓட்டத்தைச் சோதிக்க வேண்டும், செத்த திசுவை அகற்ற வேண்டும், சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டும், புண்ணின் மேல் உடல் பாரம் விழாதபடி காலணி மாற்ற வேண்டும். பெரும்பாலான புண்களுக்கு இவற்றை ஒழுங்காகச் செய்வதே சிகிச்சை. உப்பளத்திலும் கரையிலும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இதனால் எங்கள் பாசிக்கு விலை கூடுமா?

சின்னப்பாலத்தில் ஓர் அக்கா கேட்ட கேள்வி இது. இன்றுவரை எனக்கு முழுமையாகப் பதில் சொல்ல முடியாததும் இதுதான். மருத்துவத் தர ஆல்ஜினேட் சாதாரண ஆல்ஜினேட்டைவிடப் பல மடங்கு விலை போகும், ஆனால் அதற்குத் தேவைப்படும் பாசியின் அளவு மிகக் குறைவு. விலை உயர்வது சுத்திகரிக்கும் ஆலையில்தான், கரையில் அல்ல. கரைக்கும் ஒரு பங்கு வர வேண்டுமானால், சரக்கின் தரம் மாறாமல் இருக்க வேண்டும். பாசியின் இனம், அது வளர்ந்த இடம், எடுத்த பருவம் ஆகியவற்றைப் பொறுத்து மானுரோனிக், குலுரோனிக் அமிலங்களின் விகிதம் மாறுகிறது. விகிதம் மாறினால் கூழ்மத்தின் கெட்டித்தன்மையும், அதன் மேல் உட்காரும் செல்லின் நடத்தையும் மாறிவிடும். எல்லாப் பாசியையும் ஒரே குவியலாக மணலில் காய வைத்து மூட்டை கட்டினால் அந்த விவரம் அழிந்துபோகிறது.

அந்த அக்காவிடம் நான் கேட்டுக்கொண்டது இரண்டே செயல்கள்: கட்டக்கோரையை மற்றவற்றோடு கலக்காமல் தனியே தார்ப்பாய் மேல் உலர்த்துவது, எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எந்த மாதம் எடுத்தது என்று மூட்டையில் எழுதி வைப்பது. "எழுத நாங்கள் தயார், அதைப் படித்துப் பார்த்து வாங்கும் ஆளை நீ கூட்டி வா" என்றார். அந்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.